ஆறு வருஷம், ஆனா எந்த நாளிலிருந்து?

(பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

போன எபிசோடில், ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன பிசினஸ் வாங்குறதுக்கு முன்னாடி கணக்குகளை எப்படிப் பார்க்கணும்னு பேசினேன். பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி கட்டின பிஏஎஸ் படிவங்கள், லீஸ் இன்னும் எத்தனை வருஷம் இருக்குங்கிறது, இதெல்லாம். அதுக்கு வந்த மெயில்கள்ல பாதிப் பேர் வாங்குறதுக்கு முன்னாடி உள்ள கட்டத்துல இல்ல. "வாங்கியாச்சு. சொன்னது ஒண்ணு, இருக்கிறது ஒண்ணு. இப்ப என்ன பண்றது?" அப்படிங்கிற கட்டத்துல இருக்காங்க.

அதுல ஒரு மெயிலை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கறேன். எழுதினவங்க சம்மதத்தோடதான். பேர் வேண்டாம், ஏரியாவும் வேண்டாம். மேற்கு சிட்னினு மட்டும் வெச்சுக்கோங்க.

கணவன், மனைவி, ரெண்டு பேரும் முப்பதுகளின் தொடக்கத்துல இருந்தாங்க. ஒரு கஃபே வாங்கினாங்க. விலை 2 லட்சத்து 80 ஆயிரம் டாலர். கொஞ்சம் சேமிப்பு, கொஞ்சம் வீட்டுக் கடன்ல திரும்ப எடுத்தது, மிச்சம் அவரோட அப்பா சேலத்துல ஒரு மனையை வித்து அனுப்பின காசு. புரோக்கர் கொடுத்த தகவல் தாள்ல "வாராந்திர விற்பனை சராசரி 14,000 டாலர்"னு இருந்தது. ஓனரும் நேர்ல அதையேதான் சொன்னார். 2020 பிப்ரவரி நடுவுல சாவி கைக்கு வந்தது.

மார்ச் 23-ம் தேதி என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். கஃபேக்கள்ல உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பார்சல் மட்டும்தான்னு உத்தரவு. அஞ்சு வார அனுபவத்தோட அந்தக் கடை லாக்டவுனுக்குள்ள போச்சு. 2021-இல் மறுபடியும் லாக்டவுன். விற்பனை 14,000 பக்கமே போகல. அவங்க கோவிட்டைத்தான் குறை சொன்னாங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. 2022 முடிஞ்சு, பக்கத்துக் கடைகள்ல கூட்டம் திரும்பின பிறகும் இவங்க கடையில வாரம் 9,000, 9,500. அப்பதான் லேசா சந்தேகம் வந்திருக்கு. 2023 ஆகஸ்ட்ல பில்லிங் மெஷின் கம்பெனி பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்க்க வழி திறந்து கொடுத்தது. 2019 முழுக்க வாரச் சராசரி 9,200 டாலர். 14,000 வந்த வாரங்கள் மொத்தமே மூணு.

பழைய ஓனரைக் கேட்டிருக்காங்க. "அப்படியா, புரோக்கர் தப்பா போட்டிருப்பான், பேசித் தீர்த்துக்கலாம்"னு சொல்லியிருக்கார். பேசிட்டே இருந்தாங்க. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். நான் இதைப் பதிவு பண்றது 2025 ஜூன்ல. அவங்க மெயில் இந்த வரியோட முடியுது: "எங்களுக்குத் தெரிஞ்சது 2023 ஆகஸ்ட்லதான். ஆறு வருஷம்னா 2029 வரைக்கும் டைம் இருக்கு இல்லையா?"

இல்ல. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இன்னைக்கு முழு எபிசோடும்.

ஒண்ணு சொல்லிடறேன். நான் கணக்கு பார்க்கிற ஆள், வக்கீல் இல்ல. பிசினஸ் வாங்குறவங்களுக்கும் விக்கிறவங்களுக்கும் கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்கிறது என் வேலை. அதனால இந்த மாதிரி சண்டைகள்ல நடுவுல மாட்டிக்கிட்டு, வக்கீல்களோட உட்கார்ந்து தேதிகளை எண்ணியிருக்கேன். நான் சொல்றது பொதுவான படம். உங்க கதைக்கு உங்க வக்கீல்தான்.

சரி, சட்டம். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம்னு ஒண்ணு 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில இருக்கு. அதன் 18-ஆம் பிரிவு ரொம்பச் சின்னது. வர்த்தகத்தில் ஈடுபடும் எவரும், பிறரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் விதத்தில், அல்லது அப்படி நடக்க வாய்ப்புள்ள விதத்தில் நடந்துகொள்ளக் கூடாது. அவ்வளவுதான். "நுகர்வோர்"னு பேர் இருக்கிறதால, டிவி வாங்கினவங்களுக்கு மட்டும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பிசினஸ் வாங்கினவங்களுக்கும் இது பொருந்தும். ஒரு அழகு நிலையத்தை வித்தது "வர்த்தகத்தில்" செய்த காரியம்தான்னு 1985-லேயே, இந்தச் சட்டத்தின் முன்னோடியின் கீழே, ஃபெடரல் கோர்ட் சொல்லிடுச்சு.

இன்னொரு முக்கியமான விஷயம், விக்கிறவர் வேணும்னே பொய் சொன்னார்னு நிரூபிக்கத் தேவையில்லை. நல்ல நம்பிக்கையில தப்பான எண்ணைச் சொல்லியிருந்தாலும் அது தவறாக வழிநடத்தும் நடத்தைதான். சும்மா இருந்ததுகூடக் கணக்குல வரலாம். ஹென்ஜோ வழக்குனு ஒண்ணு உண்டு, 1988. ஒரு ரெஸ்டாரண்டை வாங்கினாங்க. உள்ளே 128 இருக்கை போட்டிருந்தது. லைசென்ஸ் 84 பேருக்குத்தான். அந்த வித்தியாசத்தை விக்கிறவர் வாயைத் திறந்து சொல்லல. ஒப்பந்தத்துல "வாங்குபவர் தன் சொந்த விசாரணையை நம்பியே வாங்குகிறார்" என்கிற வகையில ஷரத்து இருந்தது. இந்த மாதிரி ஷரத்தை வெச்சு இந்தச் சட்டத்துலேர்ந்து தப்பிக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. இன்னைக்கும் வக்கீல்கள் அந்த வழக்கின் பேரைச் சொல்லாம இந்தப் பேச்சைத் தொடங்கமாட்டாங்க.

இப்ப 236-ஆம் பிரிவு. நஷ்டஈடு கேக்கிறதுக்கான பிரிவு இதுதான். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குள் வழக்கு தொடரலாம் என்கிறது. முன்னாடி இருந்த 1974-ஆம் ஆண்டு வர்த்தக நடைமுறைச் சட்டத்துல இது மூணே வருஷமா இருந்தது. 2001-லதான் ஆறாக்கினாங்க. பழைய தீர்ப்புகளைப் படிச்சா மூணு மூணுனு வரும், குழம்பிடாதீங்க.

"வழக்குக்கான காரணம் எழுந்த நாள்." இந்த நாலு வார்த்தையிலதான் மொத்த விஷயமும் இருக்கு. உங்களுக்குத் தெரிய வந்த நாள்னு அங்க எழுதல. பொய் சொன்ன நாள்னும் எழுதல. இந்தச் சட்டத்தில் நஷ்டம்தான் வழக்கின் அடிப்படை. அதனால் முதன்முதலாக நஷ்டம் ஏற்பட்ட நாளில் கடிகாரம் ஓடத் தொடங்குது. நீங்க அதை உணர்ந்தீங்களா இல்லையாங்கிறது அதுக்குப் பொருட்டே இல்ல.

இந்தியாவுலேர்ந்து வந்தவங்க இங்கதான் தடுக்கி விழறாங்க. இந்தியாவின் 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு இருக்கு. மோசடியை அடிப்படையா வெச்ச வழக்குன்னா, அதைக் கண்டுபிடிச்ச நாள் வரைக்கும், அல்லது கவனமா இருந்திருந்தா கண்டுபிடிச்சிருக்கக்கூடிய நாள் வரைக்கும் காலம் ஓடத் தொடங்காது. "தெரிஞ்ச நாள்லேர்ந்துதான் கணக்கு"ன்னு ஊர்ல ஒரு மாமா சொல்லியிருப்பார். அந்த மாமா சொன்னது அந்த ஊருக்குச் சரி. இங்க 236-ஆம் பிரிவுக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. "பாவம், தெரியாம இருந்துட்டாங்க"னு காலத்தை நீட்டிக் கொடுக்கிற அதிகாரமும் அந்தப் பிரிவுல நீதிபதிக்குக் கொடுக்கல.

அப்ப கஃபே வாங்கினவங்களுக்கு நஷ்டம் எப்ப ஏற்பட்டது? முதல் மாசக் கணக்கு நெகட்டிவ்ல போனப்பவா? ரெண்டாவது லாக்டவுன் முடிஞ்சும் கூட்டம் வராதப்பவா? இதுக்குப் பதில் கொஞ்சம் கசப்பானது. 14,000 வாரம் வர்ற கடைக்குக் கொடுக்கிற விலையைக் கொடுத்து, 9,200 வர்ற கடையை வாங்கியிருக்காங்க. வாங்கின அந்த நிமிஷமே அவங்க கையில இருந்தது கொடுத்த காசைவிட மதிப்புக் குறைந்த பொருள். வித்தியாசம் அன்னைக்கே அங்க இருந்தது. அதனால, கூடுதல் விலைக்குச் சொத்தோ பிசினஸோ வாங்கின வழக்குகள்ல, பொதுவா வாங்கின அன்னைக்கே நஷ்டம் ஏற்பட்டதாக் கோர்ட்டுகள் பார்க்கின்றன.

"ஆனா 2019-ல கடை உண்மையிலேயே எவ்ளோ பெறும்னு பின்னாடி வந்த கணக்கைப் பார்த்தாத்தானே தெரியும்?"னு நீங்க கேட்கலாம். நல்ல கேள்வி, கோர்ட்டே கேட்ட கேள்விதான். 1995-இல் கிஸ்போ வழக்கு, ஒரு மோட்டல் பிசினஸ் சம்பந்தப்பட்டது. உண்மையான மதிப்பை வாங்கின நாளுக்குத்தான் கணக்கிடணும், ஆனா அந்த மதிப்பு என்னவா இருந்ததுன்னு புரிஞ்சுக்கப் பிறகு நடந்ததையும் பார்க்கலாம்னு ஹை கோர்ட் சொன்னது. அதாவது, பின்னாடி வந்த கணக்கு நஷ்டத்தை அளக்கிற அளவுகோல் மட்டும். அது கடிகாரத்தை நகர்த்தாது. ஒரு சின்ன குறிப்பு: இங்க ஹை கோர்ட்னா நாட்டிலேயே மேலான கோர்ட். நம்ம ஊரு மாதிரி இல்ல, சுப்ரீம் கோர்ட் அதுக்குக் கீழே, மாநில அளவுல இருக்கு. முதல் வருஷம் எனக்கு இது தலைகீழா வெச்ச மாதிரி இருந்தது.

இதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெரிய தீர்ப்பு இருக்கு. அதையும் சொல்லணும், ஏன்னா இணையத்துல தேடினா அதுதான் முதல்ல வரும், படிச்சுட்டு நிம்மதியா தூங்கிடுவீங்க. வார்ட்லி வழக்கு, ஹை கோர்ட், 1992. கதை 1987 அக்டோபர்ல தொடங்குது. பங்குச் சந்தை சரிஞ்ச சமயம். பெர்த்துல ராத்வெல்ஸ்னு ஒரு வணிக வங்கி மூழ்கிற நிலைமை. அதைக் காப்பாத்த, நேஷனல் ஆஸ்திரேலியா பேங்க் கொடுக்கிற கடனுக்கு மேற்கு ஆஸ்திரேலிய மாநில அரசு 15 கோடி டாலர் வரைக்கும் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டது. பிறகு ராத்வெல்ஸ் மூழ்கிடுச்சு. எங்களைத் தவறா நம்ப வெச்சுத்தான் கையெழுத்து வாங்கினாங்கன்னு அரசு வார்ட்லி நிறுவனத்து மேல வழக்கு போட்டது. அப்ப மூணு வருஷக் கெடு. கையெழுத்துப் போட்ட நாள்லேர்ந்து எண்ணினா காலம் போயிடுச்சு.

கோர்ட் என்ன சொன்னதுன்னா, அது ஒரு உத்தரவாதம். கடன் வாங்கினவர் கட்டத் தவறினாத்தான் அரசு காசு கொடுக்கணும். நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அப்படி ஒரு நிச்சயமில்லாத பொறுப்பை ஏத்துக்கிட்ட உடனே நஷ்டம் ஏற்பட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. அந்த நிபந்தனை உண்மையிலேயே நிறைவேறும்போதுதான் நஷ்டம். அப்பதான் கடிகாரம். அதோட, காலாவதி ஆச்சா இல்லையாங்கிறதை ரொம்பத் தெளிவான சந்தர்ப்பம் தவிர, விசாரணைக்கு முன்னாடியே முடிவு பண்ணக் கூடாதுன்னும் சொன்னது.

வாங்கினவங்களுக்கு ஆதரவா இதை இழுத்துப் பேச இடம் இருக்கு. பொய் சொன்னது விற்பனைத் தொகையைப் பத்தி இல்லாம, பின்னாடி நடக்கலாம் நடக்காமலும் போகலாம்ங்கிற ஒரு விஷயத்தைப் பத்தி இருந்தா, உதாரணமா லீஸைப் பத்தின ஒரு சிக்கல், வருமான வரி அலுவலகம் பழைய பாக்கிக்கு வர்ற ஆபத்து, அப்ப நஷ்டம் பின்னாடிதான் வந்ததுன்னு வாதாடலாம். ஆனா "வாரம் இவ்வளவு ஓடுது"ன்னு சொன்ன பொய் வாங்கும்போதே பொய். அந்த வகைக் கேஸ்ல வார்ட்லியை நம்பி உக்காந்திருக்கிறது, என் கருத்துல, சூதாட்டம்.

மாசா மாசம் நஷ்டம் வந்துட்டே இருக்கே, ஒவ்வொரு மாசமும் புதுக் கடிகாரம் ஓடாதான்னும் கேக்கறாங்க. ஓடாது. ஒரே காரணத்திலிருந்து வர்ற விளைவுகள் அவை. முதல் நஷ்டத்தோட கடிகாரமே எல்லாத்துக்கும்.

இனி, எது கடிகாரத்தை நிறுத்தாது. இதுல கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா மனுஷங்க காலத்தைத் தொலைக்கிறது இங்கதான். பழைய ஓனரோட வாட்ஸ்அப்ல பேசிட்டு இருக்கிறது நிறுத்தாது. அவர் "அடுத்த மாசம் ஒரு தொகை பார்க்கலாம்"னு சொன்னதும் நிறுத்தாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினது நிறுத்தாது. ஃபேர் டிரேடிங்ல புகார் கொடுத்தது நிறுத்தாது. சிறுதொழில் ஆணையர் அலுவலகத்துல சமரசப் பேச்சுக்கு உக்காந்ததும் தானா நிறுத்தாது, அது நல்ல வழியா இருந்தாலும். கோர்ட்ல வழக்கைத் தாக்கல் பண்றதுதான் கணக்கு. பேச்சுவார்த்தை நிஜமாவே நல்லாப் போயிட்டு இருந்தா, "இத்தனை மாசத்தைக் கணக்குல எடுக்க மாட்டோம்"னு ரெண்டு தரப்பும் எழுத்துல ஒப்புக்கிற ஒரு ஏற்பாடு உண்டு. அதை வக்கீல் எழுதணும். எதிர்த் தரப்பு கையெழுத்துப் போட மறுத்தா, அந்த இனிமையான பேச்சுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

நம்ம ஆட்கள்ட்ட இன்னொரு தயக்கம் இருக்கு. வித்தவரும் நம்ம சமூகத்து ஆள். கோயில்ல பார்க்கணும், பொங்கல் விழாவுல பக்கத்துல உக்காரணும். "கேஸ் கீஸ்னு போனா நல்லாவா இருக்கும்?" இந்த மெயில்லயும் அந்த வரி இருந்தது. அவரை "அண்ணா"ன்னு கூப்பிட்டுத்தான் இத்தனை நாளும் பேசியிருக்காங்க. வழக்கு தாக்கல் பண்ணினா பேச்சு முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. தாக்கல் பண்ணின வழக்குகள்ல நிறைய சமரசத்துலதான் முடியுது. ஆனா காலம் போயிட்டா, அந்த அண்ணாவுக்கு உங்களோட சமரசம் பேச எந்தக் காரணமும் இருக்காது.

பெரிய கம்பெனிகள் இந்தத் தயக்கத்தோட உக்காந்திருக்கிறதில்ல. 2013-இல் கார்கில் நிறுவனம், விட்டெராகிட்டேருந்து ஜோ ஒயிட் மால்டிங்ஸ்ங்கிற மால்ட் தயாரிக்கிற பிசினஸை 42 கோடி டாலருக்கு வாங்கினது. பீர் கம்பெனிகளுக்கு அனுப்பின மால்ட்டின் தரச் சான்றிதழ்கள்ல நிஜப் பரிசோதனை முடிவுகளுக்குப் பதிலா வேற எண்களைப் போட்டிருந்தது பிறகு தெரிய வந்தது. அடுத்த வருஷமே, 2014-லேயே, கார்கில் வழக்குப் போட்டுடுச்சு. விக்டோரியா சுப்ரீம் கோர்ட் 2022-லதான் தீர்ப்பு சொன்னது. சுமார் 16.9 கோடி டாலர் நஷ்டஈடு. 2023-இல் அப்பீல்லயும் அது நின்னது. கவனிங்க, தீர்ப்பு வர எட்டு வருஷம் ஆச்சு, அதனால அவங்களுக்கு ஒரு பாதிப்பும் இல்ல. ஆறு வருஷங்கிறது தாக்கல் பண்றதுக்கான கெடு, முடிக்கிறதுக்கான கெடு இல்ல.

அடுத்தது, யார் மேல? வித்தது பெரும்பாலும் ஒரு பிரைவேட் கம்பெனி. வித்த காசு ஓனர் கைக்குப் போனதும் கம்பெனி காலி. சிலது பதிவையே ரத்து பண்ணிடும். அதனால, தவறான நடத்தையில் தெரிஞ்சே பங்கு இருந்தவங்க மேலயும் சட்டம் வழக்குப் போட விடுது, டைரக்டர், புரோக்கர் யாரா இருந்தாலும். "தெரிஞ்சே"ங்கிற வார்த்தைக்கு எடை உண்டு. ஒரு இசைத்தட்டுக் கடையை வித்த வழக்கு 1985-இல் ஹை கோர்ட்டுக்கு வந்தது. அங்கயும் பிரச்சினை வாராந்திர விற்பனை எண்தான், பாருங்க, நாற்பது வருஷமா அதே பொய். ஏஜென்ட் கம்பெனியை நடத்தினவர் விக்கிறவர் கொடுத்த எண்ணை நம்பி அப்படியே சொன்னார். அது தப்புன்னு அவருக்குத் தெரியாது. அதனால உடந்தைன்னு அவரைப் பொறுப்பாக்க முடியாதுன்னு கோர்ட் சொன்னது. கஃபே கேஸ்ல "புரோக்கர்தான் தப்பாப் போட்டான்"னு பழைய ஓனர் சொல்றதை வக்கீல் கவனமாப் பார்க்கணும். தினமும் கல்லாவுல உக்காந்தவருக்குத் தன் கடை விற்பனை தெரியாதுங்கிறதை நம்புறது கஷ்டம்.

அந்தத் "தெரிஞ்சே" உறுதியா நிரூபிக்க முடிஞ்சா, இன்னொரு பாதையும் திறக்கும். பொதுச் சட்டப்படி மோசடி வழக்கு. நியூ சவுத் வேல்ஸின் 1969-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, மோசடியைக் கண்டுபிடிச்ச நாளிலிருந்து, அல்லது கவனமா இருந்திருந்தா கண்டுபிடிச்சிருக்கக்கூடிய நாளிலிருந்து எண்ணலாம். ஊர் மாமா சொன்ன கணக்கு இங்க கிட்டத்தட்டப் பொருந்துது. அப்ப 2029-ங்கிற தேதிக்கு உயிர் இருக்கா? இருக்கு, மெல்லிசா. நூல்ல தொங்குற மாதிரி. மோசடின்னு ஒருத்தர் மேல குற்றம் சாட்டினா ஆதாரம் பலமா இருக்கணும், கோர்ட் லேசுல ஏத்துக்காது. "பழைய ரிப்போர்ட்டை 2021-லேயே கேட்டு வாங்கியிருக்கலாமே"ன்னு எதிர்த் தரப்பு வக்கீல் கேட்பார். 18-ஆம் பிரிவு வழக்குல பொய் சொன்னவரோட மனசுக்குள்ள போக வேண்டியதே இல்ல. அந்தச் சுலபமான கதவு திறந்திருக்கும்போது அதை விட்டுட்டு இதை நம்பி உக்காரக் கூடாது.

ஒப்பந்தத்துக்குள்ள இருக்கிற சின்னக் கெடுக்களையும் பாருங்க. "செட்டில்மென்டிலிருந்து 12 மாதங்களுக்குள் கோரிக்கையைத் தெரிவிக்க வேண்டும்"னு நிறைய விற்பனை ஒப்பந்தங்கள்ல வரும். ஒப்பந்தத்துல கொடுத்த உத்தரவாதங்களை மீறினதா வழக்குப் போட்டா அது உங்களைக் கட்டுப்படுத்தும். 18-ஆம் பிரிவு வழக்கையும் அது தடுக்குமா? 2018-இல் விக்டோரியாவில் ஒரு கட்டுமான ஒப்பந்த வழக்குல, தடுக்காதுன்னு தீர்ப்பு வந்தது. எல்லாத் தீர்ப்பும் ஒரே திசையில போகல. அதனால 12 மாசத்துக்குள்ளயே சந்தேகம் வந்தா, எழுத்துல தெரிவிச்சிடுங்க.

வழக்கு காலத்துக்குள்ள போட்டாலும் முழுக் காசும் வரும்னு எதிர்பார்க்காதீங்க. "சொன்னபடி 14,000 வந்திருந்தா எனக்கு எவ்வளவு லாபம்"ங்கிறது கணக்கு இல்ல. கொடுத்த விலைக்கும் உண்மையான மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், அதோட நேரடியாத் தொடர்ந்த சில நஷ்டங்கள். வாங்கினவர் தன் நலனுக்குத் தேவையான கவனத்தை எடுக்காம இருந்திருந்தா தொகையைக் குறைக்கவும் கோர்ட்டால முடியும். கோவிட் நஷ்டத்தைப் பழைய ஓனர் தலையில போட முடியாது. பொய்யால எவ்வளவு, லாக்டவுனால எவ்வளவுன்னு பிரிக்கிறது ஒரு கணக்கரோட வேலை. சொல்லப்போனா இந்தக் கேஸ்ல அந்தப் பகுதிதான் எனக்கு ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு, ஆனா அது தனி எபிசோடு.

நான் அவங்களுக்குப் பதில் எழுதினப்போ மூணு விஷயம் கேட்டேன். புரோக்கர் கொடுத்த தகவல் தாளின் ஒரிஜினல், அது வந்த மெயிலோட. 2019 பில்லிங் ரிப்போர்ட்டுகளை டவுன்லோட் பண்ணி ரெண்டு இடத்துல சேமிச்சாச்சான்னு. அப்புறம் ஒப்பந்தத்தோட முதல் பக்கமும் கையெழுத்துப் பக்கமும்.

ரெண்டு நாள்ல அனுப்பினாங்க. அவங்க மனசுல வெச்சிருந்த தேதி சாவி வாங்கின 2020 பிப்ரவரி 17. சரி, 2029 இல்லன்னாலும் 2026 பிப்ரவரி வரைக்கும் இருக்கேன்னு கொஞ்சம் மூச்சு விட்டிருந்தாங்க. கையெழுத்துப் பக்கத்துல இருந்த தேதி 2019 டிசம்பர் 11. லீஸை மாத்திக் கொடுக்கக் கட்டட ஓனர் சம்மதிக்க ரெண்டு மாசம் ஆனதால செட்டில்மென்ட் தள்ளிப் போயிருக்கு. அந்தச் சம்மதம் ஒப்பந்தத்துல ஒரு நிபந்தனை, அது நிறைவேறாத வரைக்கும் நஷ்டம் உறுதியாகலன்னு வாதாடலாம். ஆனா எந்த வக்கீலும் அந்த வாதத்தை நம்பித் தேதி குறிக்கமாட்டார், முன்னாடி வர்ற தேதியிலிருந்துதான் எண்ணுவார். போன வாரம் அவங்க பார்த்த வக்கீலும் அப்படித்தான் எண்ணியிருக்கார். இந்த வருஷம் டிசம்பர் தொடக்கம். அவர் நவம்பருக்குள்ள தாக்கல் பண்ணிடறேன்னு சொல்லியிருக்கார். அண்ணாவுக்கு நோட்டீஸ் இந்த வாரம் போகுது.